கம்மி செலவுல வேட்டை அம்பு கட்டுறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேஎல் செந்தூல்ல என் வீட்டுப் பின்கட்டுல ஒரு சின்ன மேசை, ஒரு விளக்கு, அங்க உக்காந்து தான் ஆறு வருஷமா அம்பு கட்டிட்டு இருக்கேன். வில் பழகுற ரேஞ்சுக்குப் போனா தம்பிங்க கேட்கிறது, ராத்திரி வாட்ஸப்ல வர்றது எல்லாம் சுத்திச் சுத்தி ஒரே கேள்விங்க தான், அதான் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போடுறதுக்குப் பதிலா ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். இதுல வர்றதெல்லாம் காம்பவுண்ட் வில்லுக்கு (ரெண்டு நுனியிலயும் சக்கரம் வச்ச வில்லு), பெரிய மிருகத்துக்கு.

அண்ணே, நம்ம ஊர்லயே வில்லு எடுத்துட்டுக் காட்டுக்குப் போலாமா?

போகாதீங்க. மலேசியாவுல 2010-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) லைசென்ஸ் இல்லாம காட்டுப்பன்னியக் கூட தொடக்கூடாது. செம்பனைத் தோட்டத்துல பன்னி வந்து கன்னெல்லாம் கிண்டிப் போட்டுடுச்சுன்னு சொந்தக்காரங்க கூப்பிடுவாங்க, அதுக்காக அம்பைத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. நான் இங்க எழுதுறது வில் வேட்டைக்கு சட்டமே எடம் குடுக்கிற ஊருக்குப் போறவங்களுக்கு, நம்ம ஆளுங்க அதிகம் போறது ஆஸ்திரேலியா. விக்டோரியா மாநிலத்துல சாம்பார் மான் இருக்கு, நம்ம கடமான் தான், 1860-கள்ல வெள்ளைக்காரங்க கொண்டுபோய் விட்டது, இப்ப மலை முழுக்கப் பெருகிக் கெடக்கு. லைசென்ஸ் எடுத்தா வில்லாலயும் வேட்டையாடலாம். அங்க சாம்பாருக்கு வில்லோட இழுவிசை கொறஞ்சது 50 பவுண்ட் இருக்கணும், அம்பு பிராட்ஹெட்டோட (பிளேடு வச்ச வேட்டை முனை) சேர்த்து கொறஞ்சது 26 கிராம் இருக்கணும். கெளம்புறதுக்கு முன்னாடி அந்த வருஷத்து விதிய ஒரு தடவை படிச்சிடுங்க.

கடையில ரெடிமேட் அம்பு இருக்கே, எதுக்கு உக்காந்து கட்டணும்?

காசுக்காக மட்டும் இல்ல. கடை அம்பு பெரும்பாலும் டார்கெட்டுக்குக் கட்டினது, முன்னாடி லேசான அலுமினியம் இன்செர்ட் (முனைய மாட்ட அம்புத்தண்டுக்குள்ள ஒட்டுற சின்னக் குழாய்), மொத்தமே 350, 380 கிரெய்ன் தான் வரும், அட்டையில அடிக்க அது போதும் ஆனா 200 கிலோவுக்கு மேல நிக்கிற ஆண் கடமானோட விலா எலும்புக்குள்ள போகணும்னா பத்தாது. கனமான அம்பு ரெடிமேடா வாங்கப் போனா ஒண்ணு 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல சொல்றாங்க. அதையே நாம கட்டினா பாதி வெலை கூட ஆகாது. ஆனா ஒண்ணு, அம்பு வெலை கொறைய காரணம் நம்ம கை வேலையா இருக்கணும், மட்டமான முனையா இருக்கக் கூடாது. நாம சிக்கனம் பிடிச்ச பத்து வெள்ளிக்கு ஒரு உசிரு ராத்திரி முழுக்கக் காட்டுல கெடந்து துடிக்கக் கூடாது, அதுல நான் ரொம்பக் கண்டிப்பு.

கிரெய்ன் கிரெய்ன்னு சொல்றீங்க, அது என்ன அளவு?

அம்புக்காரங்க எடை. 1 கிராம்னா 15.43 கிரெய்ன், 7000 கிரெய்ன் ஒரு பவுண்ட். ஆன்லைன்ல 25 வெள்ளிக்குக் கெடைக்கிற நகைத் தராசுலயே கிரெய்ன் காட்டும், பட்டனை அமுக்கிட்டே போனா ஜிஎன்னு வரும். இந்தத் தராசு இல்லாம அம்பு கட்ட ஆரம்பிக்காதீங்க.

அம்பு எவ்வளவு கனம் இருக்கணும்?

வில்லோட ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெய்னுக்குக் கீழ போனா வில்லே ஒடைய வாய்ப்பிருக்கு, அது பாதுகாப்பு எல்லை. பெரிய மிருகத்துக்கு நான் பவுண்டுக்கு 7-லேர்ந்து 9 வரைக்கும் வைக்கிறேன். என் அம்பையே கணக்குப் போட்டுக் காட்டுறேன், என் வில்லு 60 பவுண்ட், ஷாஃப்ட் (அம்புத்தண்டு) 28 இன்ச், ஒரு இன்ச்சுக்கு 9.5 கிரெய்ன், அப்ப ஷாஃப்ட் மட்டும் 266. பித்தளை இன்செர்ட் 50, பிராட்ஹெட் 125, மூணு வேன் (பின்னாடி ஒட்டுற பிளாஸ்டிக் எறகு) 18, நாக் (நாண்ல மாட்டுற பின்முனை) 9. மொத்தம் 468 கிரெய்ன், கிராம்ல 30 சொச்சம், பவுண்டுக்கு 7.8 வருது.

அமெரிக்காவுல எட் ஆஷ்பின்னு ஒரு டாக்டர், 1980-கள்ல தென்னாப்பிரிக்கா நட்டால்ல உண்மையான மிருகங்க மேல அம்பு எப்படி எறங்குதுன்னு எண்ணி எண்ணிப் பதிவு பண்ணவர், கனமான எலும்பை ஒடைச்சு உள்ள போக 650 கிரெய்ன் வேணும்னு அவர் கணக்கு. எருமைக்குப் போறவங்க அதைக் கேக்கலாம். மானுக்கு அவ்ளோ வேணாம்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா கனம் ஏற ஏற அம்பு சீக்கிரமா கீழ எறங்கும், தூரத்தை ரெண்டு மூணு மீட்டர் தப்பா கணிச்சாலும் வயித்துல போய்க் குத்திடும். ஆனா லேசான அம்பு வேகமாப் போகுதுன்னு மயங்காதீங்க, காம்பவுண்ட் வில்லு கனமான அம்புக்குத் தான் தன் சக்தியக் கூடுதலாக் குடுக்கும், சத்தமும் கம்மியா வரும், மான் சத்தத்துக்குத் துள்ளுறதும் கொறையும்.

ஸ்பைன்னா என்ன? 340, 300, 400னு போட்டிருக்கே, எது வாங்குறது?

இங்க தான் முக்காவாசிப் பேர் காசைக் கோட்டை விடுறாங்க, அதனால கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

ஷாஃப்ட்டை 28 இன்ச் எடைவெளியில ரெண்டு முட்டு மேல வச்சு, நடுவுல 1.94 பவுண்ட் எடையத் தொங்கவிட்டா அது எவ்வளவு தொய்யுதோ அதான் ஸ்பைன். 340ன்னா 0.340 இன்ச் தொய்யுது. அதனால நம்பர் கொறைஞ்சா ஷாஃப்ட் வெறைப்பு கூட, ஏறினா வளைவு கூட. வில்லு பலமா இருந்தா, அம்பு நீளமா இருந்தா, முன்னாடி கனம் கூட இருந்தா, மூணுக்குமே வெறைப்பான ஷாஃப்ட் வேணும். மேல சொன்ன என் அம்புக்கு 340 சரியா இருந்துச்சு. அதே 60 பவுண்டுக்கு முன்னாடி 100 கிரெய்ன் பித்தளையும் 150 கிரெய்ன் பிராட்ஹெட்டும் வச்சா 340 தளதளன்னு ஆயிடும், 300க்குப் போகணும். முன்கனத்தை ஏத்திட்டு பழைய ஷாஃப்ட்லயே அடிச்சுப் பாத்துட்டு வில்லு சரியில்லன்னு சொல்ற தம்பிங்க நெறைய.

மலிவு ஷாஃப்ட்ல இன்னொரு சங்கதி, மேல 340ன்னு அச்சடிச்சிருக்கும், உள்ள ஒண்ணு 330, ஒண்ணு 360ன்னு இருக்கும். அதைக் கண்டுபிடிக்க மெஷின் வாங்க வேணாம். ஒரு பலகையில 711 மில்லிமீட்டர் எடைவெளி விட்டு ரெண்டு பழைய பேரிங் பதிச்சேன், ஒரு மினரல் வாட்டர் போத்தல்ல தண்ணி ஊத்தி போத்தல், கொக்கி எல்லாம் சேர்த்து 880 கிராம் வர்ற மாதிரி தராசுல நிறுத்து ஷாஃப்ட் நடுவுல மாட்டினேன், தொங்கவிடுறதுக்கு முன்னயும் பின்னயும் வெர்னியர்ல உயரம் பாத்தேன். 8.6 மில்லிமீட்டர் எறங்கினா 340, 7.6 எறங்கினா 300, 10.2 எறங்கினா 400. அவ்ளோ தான். ஷாஃப்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா உருட்டி எந்தப் பக்கம் கம்மியா தொய்யுதோ அந்தப் பக்கம் மார்க்கர்ல ஒரு கோடு போட்டுடுங்க, பின்னாடி நாக் மாட்டும்போது எல்லா அம்புலயும் அந்தக் கோடு ஒரே திசையில இருக்கட்டும். இந்த ஒரு வேலையால சாதா ஷாஃப்ட் கூட வெலை ஒசந்த ஷாஃப்ட் மாதிரி கூட்டமாப் போய்க் குத்தும், என் கண்ணால பாத்தது.

ஷாஃப்ட் எங்க வாங்குறது? சீனா சாமான் நம்பலாமா?

நம்பலாம், பாத்து வாங்கினா. ஷோப்பீயிலயும் லாசாடாவுலயும் வெறும் கார்பன் ஷாஃப்ட் டஜன் கணக்குல கெடைக்குது. நேர்த்தி 0.001, 0.003, 0.006 இன்ச்சுன்னு மூணு தரம் போடுவாங்க, 0.006 தான் மலிவு. முதல் தடவை ஒரு கடையில நான் வாங்கின பன்னெண்டுல மூணு உருட்டும்போதே கண்ணுக்குத் தெரியிற அளவு ஆடுச்சு, திருப்பி வாங்கிக்க மாட்டேன்னுட்டாங்க, மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. அப்புறம் ரேஞ்சுல ஒரு பெரியவர் சொல்லிக் குடுத்தார், கார்பன் ஷாஃப்ட்ல கோணல் பெரும்பாலும் ரெண்டு நுனியில தான் இருக்கும், நடுவுல நல்லா இருக்கும், அதனால 32 இன்ச் நீளமா வாங்கி ரெண்டு பக்கமும் வெட்டுன்னு. பேரிங் மேல உருட்டிப் பாத்து எந்தப் பக்கம் ஆட்டம் அதிகமோ அந்தப் பக்கம் கூட வெட்டுவேன். ஒதுக்கி வச்ச மூணுல ரெண்டு அப்படித் தேறி வந்துச்சு.

எதால வெட்டுறது? கைரம்பம் போதுமா?

போதாது, கார்பன் நாரு நாராப் பிஞ்சிடும். வேகமா சுத்துற மெல்லிசு அரைக்கும் தகடு வேணும், கைக்கடக்கமான ரோட்டரி டூல் போதும். வெட்டுற எடத்துல மாஸ்கிங் டேப் ஒரு சுத்து சுத்துங்க. என்95 மாஸ்க் கட்டாயம், கண்ணாடி கட்டாயம், கார்பன் தூள் நெஞ்சுக்குள்ள போச்சுன்னா வெளிய வராது, ஃபிளாட்டுல இருக்கிறவங்க பால்கனியில வெட்டாதீங்க, பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் அந்தத் தூளு தான் படியும். கீழ எறங்கிப் போய் ஈரத்துணி விரிச்சு அது மேல வெட்டுங்க. வெட்டின முனைய மட்டமான மரக்கட்டையில ஒட்டின உப்புத்தாள்ல செங்குத்தா வச்சு சுத்தித் தேயுங்க. முனை சதுரமா இல்லன்னா பின்னாடி பிராட்ஹெட் நேரா உக்காரவே உக்காராது.

இன்செர்ட் கழண்டு போய் டார்கெட்டுக்குள்ளயே நின்னுடுது அண்ணே, என்ன பசை போடுறது?

எனக்கும் ஆச்சு. முதல்ல கட்டின செட்டுல அம்பை உருவினேன், ஷாஃப்ட் மட்டும் வெறுங்கையா வந்துச்சு, இன்செர்ட்டும் முனையும் ஃபோமுக்குள்ள. பசையில தப்பு இல்ல, நான் உள்ள சுத்தம் பண்ணல. ஷாஃப்ட்டுக்குள்ள வெட்டின தூளும், செய்யும்போது ஒட்டின வழவழப்பும் இருக்கும். காது குடையிற பஞ்சுக்குச்சிய ஐசோப்ரோப்பில் ஆல்கஹால்ல நனைச்சு உள்ள விட்டு சுத்துங்க, கறுப்பா வரும், இன்னொண்ணு விடுங்க, கடைசிக் குச்சி வெள்ளையாவே வெளிய வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க, எனக்கு ஒரு ஷாஃப்ட்டுக்கு ஆறு ஏழு குச்சி ஆகும். பித்தளை இன்செர்ட்டை உப்புத்தாள்ல கீறி அதையும் தொடைங்க, அதுக்கப்புறம் வெரலு படக்கூடாது.

பசை ரெண்டு பாகம் கலக்குற மெதுவா இறுகுற எபாக்ஸி தான் என் தேர்வு. ஹாட்மெல்ட் சுலபம், தப்பாப் போனா சூடு காட்டி எடுத்துடலாம், ஆனா கேஎல் வெயில்ல மூடின கார் பூட்டுல வச்சுட்டுப் போனா எளகிடும், வேட்டை அம்புக்கு நான் அதை நம்ப மாட்டேன். இன்செர்ட்டைச் சொருகும்போது திருகிக்கிட்டே தள்ளுங்க, அப்ப தான் பசை சுத்தி ஒரே மாதிரி பரவும். இன்னொண்ணு, பின்னாடி நாக் மாட்டியிருந்தா கழட்டிடுங்க, இல்லன்னா உள்ள அடைபட்ட காத்து இன்செர்ட்டை மெல்ல வெளிய தள்ளும், நீங்க தூங்கி எந்திரிச்சுப் பாத்தா ஒரு மில்லிமீட்டர் துருத்திக்கிட்டு இருக்கும். ஒரு நாள் முழுசா காய விடுங்க.

எஃப்ஓசி பாக்கணுமா?

பாருங்க, சுலபம் தான். அம்பு முன்பாரமா இருக்கா பின்பாரமான்னு காட்டுற கணக்கு. முழு அம்பை முனையோட வெரல் மேல வச்சு சமநிலைப் புள்ளியக் கண்டுபிடிங்க, நாக் பள்ளத்துலேர்ந்து அது எவ்வளவு தூரம்னு அளங்க, அதுல ஷாஃப்ட் நீளத்துல பாதியக் கழிங்க, மிச்சத்தை நீளத்தால வகுத்து நூறால பெருக்குங்க. முனை நீளத்தை சேக்காதீங்க. என் அம்புல புள்ளி 18.7 இன்ச்சுல நிக்குது, 14 போனா 4.7, அதை 28-ஆல வகுத்தா 17 சதவீதம் கிட்ட. வேட்டைக்கு 12-லேர்ந்து 20 வரைக்கும் எங்க இருந்தாலும் எனக்கு சம்மதம். இந்த நம்பருக்காக ராத்தூக்கம் கெடாதீங்க, ஸ்பைன் சரியா இருக்கறது இதை விட முக்கியம்.

வேன் எத்தனை, எப்படி ஒட்டுறது?

மூணு போதும். நெலையான பிளேடு உள்ள பிராட்ஹெட் முன்னாடி காத்தைப் பிடிக்கும், அதைப் பின்னாலேர்ந்து அடக்கணும்னா வேனை நேரா ஒட்டாம கொஞ்சம் முறுக்கி ஒட்டணும், அம்பு சுழன்று போகும். வேனைப் பிடிச்சு வச்சு ஒட்டுறதுக்கு 60 வெள்ளி பிளாஸ்டிக் ஜிக்கே போதும், ஆனா பன்னெண்டையும் அதே ஜிக்குல, அதே பக்கம் முறுக்கி ஒட்டுங்க. சூப்பர் குளூ மெல்லிசா ஒரு கோடு, கடைசியா வேனோட முன்நுனியிலயும் பின்நுனியிலயும் ஒரு சொட்டு. கோழி எறகு, வான்கோழி எறகு வச்சா அழகு தான், ஆஸ்திரேலியா ஏர்போட்டுல அதை டிக்ளேர் பண்ணணும், மூங்கில் அம்பும் அப்படித் தான்.

மூங்கில், அலுமினியம் எல்லாம் இன்னும் மலிவாச்சே?

மூங்கில் அம்பு கட்டுறது பெரிய கலை, எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா ஒரே எடை ஒரே ஸ்பைன்ல ஒரு டஜன் எடுக்க நூறு குச்சிய சலிக்கணும். அதுவும் கம்மி பவுண்ட் மரவில்லுக்குத் தான், காம்பவுண்டுல மூங்கிலை ஏத்தவே ஏத்தாதீங்க, வெடிச்சுக் கையில ஏறிடும். அலுமினியம் நல்ல சரக்கு, கனமும் தானா வந்துடும். 2219ன்னு போட்டிருந்தா 22/64 இன்ச் தடிப்பு, 0.019 இன்ச் சுவர்னு அர்த்தம், இன்ச்சுக்கு 13.8 கிரெய்ன் கிட்ட வரும். ஒரு தடவை வளைஞ்சா வளைஞ்சது தான், அது தான் கொறை.

பிராட்ஹெட்டும் மலிவா வாங்கலாமா?

வாங்காதீங்க. பத்து வெள்ளிக்கு மூணுன்னு வர்ற காப்பி பிராட்ஹெட்டை ஒரு தடவை பிளைவுட்டுல அடிச்சுப் பாத்தேன், நுனி கொக்கி மாதிரி மடங்கிடுச்சு. அம்பு மிருகத்தைக் கொல்றது தோட்டா மாதிரி அதிர்ச்சியால இல்ல, ரத்தம் வெளியேறித் தான் சாகும், ரெண்டு நுரையீரலையும் கூர்மையா அறுத்துட்டுப் போனா சில நொடியில விழுந்துடும், மொக்கையாப் போனா ரத்தக்குழாய் ஒதுங்கிக்கும், மிருகம் மைல் கணக்குல ஓடும். அதனால நல்ல பிராட்ஹெட் நாலு வாங்குங்க, மிச்ச எட்டு அம்புக்கு அதே எடை ஃபீல்ட் பாயிண்ட் (பிளேடு இல்லாத பழகுற முனை) போட்டுப் பழகுங்க. விரியிற மாதிரி பிளேடு உள்ளது விரியறதுக்கே சக்தி தின்னும், 60 பவுண்டும் அதுக்குக் கீழயும் இழுக்கிற நம்ம ஆளுங்களுக்கு நெலையான ரெண்டு பிளேடு, மூணு பிளேடு தான் நல்லது.

புதுசா வந்தது கூர்மையா இருக்கும்னு நெனைக்காதீங்க. தீட்டுங்க, கல்லுல, பொறுமையா, கடைசியில தோல் வார்ல இழுங்க. பத்திரிகைத் தாளைத் தொங்கவிட்டு மேல வச்சா சத்தமே இல்லாம அறுத்துட்டு எறங்கணும், கர்ருன்னு சத்தம் வந்தா எங்கயோ பிசிறு இருக்கு. நம்ம ஊர் ஈரக்காத்துல கார்பன் ஸ்டீல் ரெண்டே நாள்ல துரு பிடிக்கும், அந்தக் கூர் போயிடும், அதனால தீட்டின கையோட மெஷின் எண்ணெய் தொட்டு மூடி போட்ட டப்பாவுல வைங்க.

பிராட்ஹெட் மாட்டினதும் அம்பு வேற எடத்துல குத்துதே?

முதல்ல அம்பைப் பாருங்க. முனைய ஒரு கண்ணாடி மேல ஊணி மேல வெரலால பம்பரம் மாதிரி சுத்திவிடுங்க, பிளேடும் ஷாஃப்ட்டும் சேர்ற எடம் ஆடினா அந்த அம்பு முனை சதுரமா இல்ல. அது சரியா இருந்தா 20 மீட்டர்ல ஃபீல்ட் பாயிண்ட் ரெண்டு, பிராட்ஹெட் ரெண்டு மாத்தி மாத்தி அடிங்க. ஒரே அம்பு மட்டும் விலகினா அதோட நாக்கைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. எல்லா பிராட்ஹெட்டும் ஒரே பக்கம் விலகினா வில்லோட ரெஸ்ட்டை (அம்பைத் தாங்குற பாகம்) ஒரு மயிரிழை நகர்த்துங்க, ஃபீல்ட் பாயிண்ட் குத்துற எடத்துக்கு பிராட்ஹெட் வர எந்தத் திசையில நகரணுமோ அந்தத் திசையில. மயிரிழைன்னா மயிரிழை தான், ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலே அதிகம்.

மொத்தம் எவ்வளவு ஆச்சு உங்களுக்கு?

போன செட்டுக்கு: பன்னெண்டு ஷாஃப்ட் 168 வெள்ளி, பித்தளை இன்செர்ட் 42, வேன் 18, நாக் 12, எபாக்ஸியும் சூப்பர் குளூவும் 24. மொத்தம் 264, அம்புக்கு 22 வெள்ளி. ஜிக்கும் தராசும் ஒரு தடவை செலவு. பிராட்ஹெட் தனி, அதுக்கு நான் கணக்குப் பாக்கறதில்ல.

அடிச்ச அம்பை மறுபடி ஏத்தலாமா?

ஒவ்வொரு தடவையும் பாத்துட்டுத் தான். ரெண்டு கையாலயும் ஷாஃப்ட்டைப் பிடிச்சு லேசா வில்லு மாதிரி வளைங்க, கால் சுத்து திருப்பி மறுபடி வளைங்க, நாலு பக்கமும். காதுக்குப் பக்கத்துல வச்சு வளைங்க, சின்னதா டிக்னு ஒரு சத்தம் வந்தா உள்ள கீறல் விட்டிருக்கு. போன மாசம் என் ஏழாம் நம்பர் அம்பு அப்படி டிக்குன்னுச்சு, கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல, பஞ்சை உருண்டையாக்கி மேல ஓட்டினேன், நாக்குலேர்ந்து ஒரு சாண் தள்ளி ஒரு நாரு பஞ்சைப் பிடிச்சு இழுத்துச்சு. அங்கயே ரெண்டா வெட்டிட்டேன், யாரும் எடுத்து வில்லுல மாட்டிடக் கூடாதுன்னு. இன்செர்ட்டை மட்டும் சூடு காட்டிக் கழட்டி எடுத்துக்கிட்டேன், அது அடுத்த செட்டுக்கு ஆகும்.